முக்கியமானதைக் கடைசி வரியில் புதைக்காதீர்கள்

இறுதியாண்டு மாணவர்கள் எல்லாருக்கும் வணக்கம். ப்ராஜெக்ட் ரிவ்யூ, வைவா என்று வரிசையாக வரப்போகிறது, அதனால் நாலு பேர் முன்னால் எப்படிப் பேசுவது என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கையை எங்கே வைப்பது, எங்கே பார்ப்பது என்பதெல்லாம் பேசப் பேசத் தானாக வரும். நான் முதலில் ஒரே ஒரு ஸ்லைடைப் பற்றிச் சொல்கிறேன்.

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பி ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை, வெளித் தொட்டியிலிருந்து ஒரு நுரைத்துண்டு பிய்ந்து வந்து இடது இறக்கையில் மோதியது. உள்ளே ஏழு பேர், நம் கல்பனா சாவ்லாவும் அதில் ஒருவர். ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் பாதிப்பைக் கணக்கிட்டு பவர்பாயிண்ட்டில் நாசாவுக்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். கீழே புள்ளி, புள்ளிக்குள் இன்னொரு புள்ளி என்று இறங்கிக்கொண்டே போகிறது. ஆகக் கடைசி வரியில்தான் விஷயமே இருந்தது: சோதனையில் மோதவிட்ட துண்டு 3 கன அங்குலம், இறக்கையில் மோதியதாக மதிப்பிட்ட துண்டு 1920 கன அங்குலம். 640 மடங்கு! கையிலிருந்த சோதனை முடிவை வைத்து இறக்கைக்கு ஒன்றும் ஆகாது என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது என்பதுதானே இதற்கு அர்த்தம்? அது தலைப்பில் அல்லவா இருந்திருக்க வேண்டும்!

பிப்ரவரி 1 அன்று தரையிறங்க வரும்போது ஓடம் சிதறி ஏழு பேரும் இறந்துபோனார்கள். விசாரணைக் குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடை எடுத்துப் போட்டு, ஒரு மேலதிகாரி இதைப் படித்துவிட்டு இது உயிர் போகிற விஷயம் என்று உணராமல் போக நிறைய வாய்ப்பு உண்டு என்று எழுதியது. விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன, பழியை ஒரு ஸ்லைடின் மேல் போட முடியாது. ஆனால் சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்கள், கேட்க வேண்டியவர்கள் காதில் அது விழவில்லை.

இப்போது உங்கள் பிபிடியைத் திறந்து பாருங்கள். அறிமுகம், லிட்டரேச்சர் சர்வே, எக்ஸிஸ்டிங் சிஸ்டம், அதன் குறைகள், ப்ரொபோஸ்ட் சிஸ்டம்... நீங்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து கண்டுபிடித்தது பதினைந்தாவது ஸ்லைடில் வருகிறது, அதற்குள் வெளியிலிருந்து வரும் எக்ஸ்டெர்னல் தேர்வாளர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். துறையில் கேட்கும் வரிசையை மாற்ற முடியாது, சரி. வாயைத் திறக்கும் முதல் வாக்கியம் உங்கள் கையில்தானே இருக்கிறது? ‘இந்த மோட்டார் பழுதாவதற்கு முன்பே எங்கள் கருவி எச்சரிக்கிறது, இதோ காட்டுகிறேன்’ என்று தொடங்குங்கள். அப்புறம் உங்கள் லிட்டரேச்சர் சர்வேயையும் அவர் காது கொடுத்துக் கேட்பார்.

காட்ட முடிந்ததைக் காட்டிவிடுங்கள். 1986இல் சேலஞ்சர் என்ற இன்னொரு விண்வெளி ஓடம் வெடித்த விபத்தின் விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் என்ன செய்தார் தெரியுமா? ராக்கெட் இணைப்பில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தின் ஒரு துண்டைக் கிடுக்கியில் இறுக்கி, மேஜையில் இருந்த ஐஸ் தண்ணீரில் போட்டார். எடுத்துக் கிடுக்கியைத் தளர்த்தியதும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. குளிரில் அது விறைத்துப்போகும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் அந்த நிமிடமே புரிந்துவிட்டது.

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள், நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். ஹாஸ்டலில் வேறு துறை நண்பனையோ தோழியையோ உட்கார வைத்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள், அவர்கள் எங்கே முழிக்கிறார்களோ அங்கே உங்களுக்கே இன்னும் தெளிவில்லை. அது தெளிந்த பிறகு நின்றுகொண்டு, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது பயிற்சியே ஆகாது.

எந்த அடாப்டர் வேண்டும், புரொஜெக்டரில் கலர் எப்படித் தெரிகிறது என்பதை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.

அடுத்த வாரமே ரிவ்யூ உள்ளவர்கள் லேப்டாப்போடு முன்னால் வாருங்கள், ஆளுக்கு முதல் வாக்கியம் மட்டும் சொல்லுங்கள், கேட்கலாம்.