ஒரே தொழில் ஊருக்குப் பலமே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கொப்பரைக் களத்து வேலையை முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் காங்கேயத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

'ஒரே தொழிலை நம்பியிருப்பது ஊருக்குப் பலமா, பலவீனமா?' என்பது தலைப்பு. பலமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, நார்வே நாட்டு ஸ்டாவஞ்சரை இந்த மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழும் பெட்ரோலிய நகரம் அது. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. அங்கே ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. அக்கா சொன்ன கணக்கு சரிதான். ஆனால் கதையைப் பாதியிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். நான் முன்கதையைச் சொல்கிறேன்.

ஸ்டாவஞ்சர் முதலில் மீன் ஊர். போன நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே டஜன் கணக்கில் டப்பா மீன் ஆலைகள் ஓடின. மத்தி மாதிரியான பொடிமீனைக் கம்பியில் கோத்து, புகை காட்டி, தகர டப்பாவில் எண்ணெய் ஊற்றி அடைத்து உலகத்துக்கே அனுப்பினார்கள். அப்புறம் அந்தத் தொழில் தேய்ந்தது. எதிரணி சொல்கிறபடி பார்த்தால் ஊர் அன்றைக்கே காலியாகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1966-ல் நார்வேயின் கடலில் முதல் எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தபோது, அந்த ஊரில் துறைமுகம் இருந்தது, கப்பல் கட்டும் தளம் இருந்தது, கடலும் இரும்பும் பழகிய ஆட்கள் இருந்தார்கள். 1969-ல் ஈகோஃபிஸ்க் என்ற கடலடி எண்ணெய் வயலில் எண்ணெய் கிடைத்தது. 1972-ல் அரசு தன் எண்ணெய் நிறுவனத்தைத் தொடங்கியபோது, தலைநகர் ஆஸ்லோவை விட்டுவிட்டு இந்த மீன் ஊரில்தான் தலைமையகத்தை வைத்தது. அதுதான் இன்றைய ஈக்வினோர். ஒரு தொழிலில் ஊறிய ஊருக்கு அடுத்த தொழிலும் வசப்பட்டதுங்க.

சரி, விலை விழுந்ததே? விழுந்தது. ஆனால் எண்ணெய்ப் பணத்தைச் சேமிக்க நார்வே 1990-லேயே சட்டம் போட்டுவிட்டது. 1996-ல் அந்தச் சேமிப்பு நிதியில் முதல் பணம் போட்டது. 2016-ல் விலை படுத்தபோது, போட்டதைவிட அதிகமாக எடுத்துச் செலவழித்தது. கஷ்ட காலத்துக்கு உதவிய அந்தப் பணமே இந்தத் தொழில் கொடுத்ததுதானே?

ஒரு துயரத்தையும் நான் மறைக்க மாட்டேன். 1980 மார்ச் 27 அன்று, எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு மிதவைத் தளம் புயலில் கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். ஒரு சின்ன வெல்டிங்கில் தொடங்கிய விரிசல், தளத்தைத் தாங்கிய கால்களில் ஒன்றையே முறித்துவிட்டது. எந்தத் தொழிலும் மனித உயிரைவிடப் பெரிதில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகு அங்கே பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். காங்கேயமும் எண்ணெய் ஊர்தானுங்க, தேங்காய் எண்ணெய் ஊர். தென்னை அதிகம் நிற்பது பொள்ளாச்சியிலும் உடுமலையிலும். கேரளத்திலிருந்தும் காய் வருகிறது. எல்லாம் இங்கே வந்து இறங்கக் காரணம் நம்முடைய வெயில். மலை மறைத்து மழை குறைந்த பூமி இது. மழை இல்லையே என்று நம் பாட்டன்மார் ஏங்கிய அதே வறண்ட காற்றுதான் கொப்பரையைக் காய வைக்கிறது.

ஒரே தொழில் என்கிறார்கள். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தேங்காய்த் தொட்டியை, அதாவது சிரட்டையைச் சுட்டால் கரி. அந்தக் கரியைப் பக்குவப்படுத்தினால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன். எண்ணெய் பிழிந்த புண்ணாக்கு, ஊர் பேர் சொல்லும் நம் காங்கேயம் மாட்டுக்குத் தீவனம். எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் தேய்ந்தால் லேத்துப் பட்டறை, சரக்குக்கு லாரி, லாரிக்கு டயர்க்கடை. ஒரு காயை உடைத்தால் இத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது!

விலை நமக்கும் விழும். மத்திய அரசு 2025-க்கு எண்ணெய் ஆட்டும் அரவைக் கொப்பரைக்குக் குவிண்டால் 11,582 ரூபாய் என்று ஆதரவு விலை வைத்தது, அது ஒரு பிடிமானம். ஆனால் விலை ஏறும் வருஷத்தில் கொஞ்சம் எடுத்து வைக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போதவில்லை. அதை நார்வேக்காரரிடம் கற்றுக்கொள்வோம் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். எங்கம்மா களத்து வேலைக்குப் போனவர். உடைத்த காய் இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் பருப்பு சுருங்கித் தொட்டியை விட்டுக் கழலும். நோண்டி எடுத்து மறுபடி காயப்போட வேண்டும். மேகம் கறுத்தால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். பச்சைப் பருப்பில் பாதி ஈரம். அது நூற்றுக்கு ஆறு அளவுக்கு இறங்க வேண்டும். எங்கம்மா மீட்டர் பார்த்ததில்லை. ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் ஒடிப்பார். வளைந்தால் "இன்னொரு வெயில் வேணும் சாமி" என்பார். டக்கென்று ஒடிந்தால் மூட்டை கட்டச் சொல்வார். களத்துக்காரர் மறுபேச்சுப் பேச மாட்டார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டே பதம் சொல்லும் தாய்மார்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.