பிரஷர் பார்க்கும் அறைக்குப் பக்கத்து அறை

(குடியாத்தத்தில் முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்குத் தனி வணக்கம். இன்று நான் பேசப்போவதில் பாதி உங்களிடம் கற்றுக்கொண்டது.

நம் வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் வந்துவிட்டது. இருபது வயதுக்குள் ரயிலேறிப் போனவர் நாற்பதை ஒட்டி பென்ஷனோடு ஊர் திரும்புகிறார். பிறகு பேங்க் வாசலிலோ ஏ.டி.எம்.மிலோ காவல் வேலை. வருஷங்கள் ஓடிய பிறகு சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க எங்கள் கிளினிக்குக்கு வருகிறார். அங்கே பொது மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்யும் மனநல ஆலோசகர் நான்.

ஆரம்பத்தில் எனக்கு மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். வாசலில் ‘மனநலப் பிரிவு’ என்று போர்டு. எதிரே பெஞ்சு. இரண்டு மாதம் அந்த பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. கீழே மருத்துவர் என்னைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் தப்பு அவர்கள் பேரில் இல்லை.

ராணுவத்தில் உடல்தகுதியை ‘ஷேப்’ என்ற முறையில் அளக்கிறார்கள். அதில் முதல் எழுத்து மனநிலையைக் குறிப்பது. ‘ஷேப் ஒன்’ என்றால் முழுத் தகுதி. அந்த முதல் எழுத்தில் ஒரு படி இறங்கினால் பதவி உயர்வு நின்றுவிடுமோ, கூட இருப்பவர்கள் வேறு மாதிரி பார்ப்பார்களோ என்ற பயம் சர்வீஸ் முழுக்கக் கூடவே வரும். ‘எப்படி இருக்கீங்க’ என்றால் ‘ஃபிட்’ என்று சொல்லியே இருபது வருஷம் பழகிய வாய், பென்ஷன் வந்த மறுநாள் மாறிவிடுமா? மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ‘பி.எச்.க்யூ. 9’ என்று 9 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. கடந்த 2 வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும், மொத்த மதிப்பெண் 27. நம்மவர்கள் ஒரே நிமிஷத்தில் ஒன்பதுக்கும் பூஜ்யம், அதாவது ஒரு தொந்தரவும் இல்லை என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

அதனால் போர்டைக் கழற்றினோம். என் அறையைக் கீழே, பிரஷர் பார்க்கும் அறைக்குப் பக்கத்தில் மாற்றினோம். மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால் சீட்டு எழுதுவதில்லை. தானே எழுந்து, ‘வாங்க, இவங்ககிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசிட்டுப் போங்க’ என்று கூட்டி வந்து விடுகிறார். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவத் துறை 2007 வாக்கிலேயே இதை நாடு தழுவிய அளவில் தொடங்கிவிட்டது. முதலில் பார்க்கும் மருத்துவரின் பக்கத்திலேயே மனநலம் பார்ப்பவரும் இருப்பார். அன்றைக்கே சந்திப்பு, அரை மணி நேரத்துக்குள் பேச்சு. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான், 1980-ல், போர் போன்ற பயங்கரங்களைக் கண்டவர்களை விடாமல் துரத்தும் பேரதிர்ச்சி நோய்க்கு அந்நாட்டு மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஒரு பெயரே கிடைத்தது. அதன் சுருக்கம் ‘பி.டி.எஸ்.டி’.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை. மருத்துவர் கூட்டி வந்தார். உள்ளே வந்தவர் நாற்காலியை நகர்த்தி, முதுகு சுவரில் படும்படி, கண் கதவைப் பார்க்கும்படி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தூக்கம் எப்படி என்று கேட்டேன். “தூக்கமா மேடம்? அதெல்லாம் பழகிடுச்சு.” ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து என்ன செய்வீர்கள் என்றேன். கேட்டில் பூட்டைத் தொட்டுப் பார்ப்பாராம், வீட்டைச் சுற்றி மூன்று முறை நடப்பாராம். ‘ரவுண்டு போவேன்’ என்றார், சாதாரணமாக. அப்புறம் இந்தியில் பேச ஆரம்பித்தார்.

எங்கள் கிளினிக்கில் மூன்று மொழி ஓடும். வீட்டுக் கஷ்டம் பலருக்குத் தெலுங்கில் வரும், முழங்கால் வலி தமிழில் வரும், எல்லையில் நடந்தது மட்டும் இந்தியில் வரும். ஒருவர் இந்திக்கு மாறினால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

அடுத்த முறை அவர் மனைவியும் வந்தார். அந்த அம்மா கணவரைத் தொட்டு எழுப்ப மாட்டாராம். கால்மாட்டில் நாலடி தள்ளி நின்று ‘ஏங்க, ஏங்க’ என்று கூப்பிடுவாராம். கல்யாணமான புதிதில் ஒருமுறை தோளைத் தொட்டு எழுப்பி, கை முறுக்கப்பட்டு, ஒரு வாரம் கட்டுப் போட்டிருந்திருக்கிறார். இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. கணவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அவர் அந்த ஒன்பது கேள்வித் தாளை உண்மையாக நிரப்பினார்.

அவருக்கு மனதுக்கான மாத்திரை உதவியது. மாத்திரை என்றவுடன் பயப்படாதீர்கள். வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும் என்று தெரியாமல் பத்தே நாளில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அதைவிட, ராணுவ கேன்டீனில் வாங்கும் சரக்கைக் குறைத்தது உதவியது. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். ரம் குடித்தால் தூக்கம் வருவது உண்மை. ஆனால் போதை இறங்கும் பின்னிரவில் தூக்கத்தைக் கலைப்பதும் அதே ரம்தான். இரண்டு மணி ரவுண்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. நம் ஊருக்கே பெருமை. ஆனால் ராத்திரி வாணவேடிக்கை தொடங்கும்போது வீட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பிள்ளைகள் ‘அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை இல்லை’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அன்று சாயங்காலமே உறவினர் வீட்டுக்குப் போய்வாருங்கள். பயந்து ஓடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். சத்தம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து இடம் மாறுவது நீங்கள் படித்த பாடம்தானே.

இன்னொன்று, நேராகவே சொல்கிறேன். காவல் வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. வீட்டில் ஒருவர் பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, ‘நான் இல்லாவிட்டாலும் பென்ஷன் உங்களுக்கு வரும்’ என்பது போலப் பேசினால், சாகத் தோன்றுகிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. துப்பாக்கியை அன்றைக்கே முறைப்படி காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். ராத்திரி எந்நேரமானாலும் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணைக் கூப்பிடலாம், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம், கட்டணம் இல்லை. 2017-ஆம் வருஷ மனநலச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும். கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மறைக்காதீர்கள்.

சரி, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். செவ்வாயும் வெள்ளியும் நான் கிளினிக்கில் இருப்பேன். சர்க்கரை டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வருகிறவர்கள், ரத்தம் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு, அப்படியே பக்கத்து அறைக்கு வாருங்கள். வீட்டம்மா தனியாக வந்தாலும் பேசுவேன். நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு வைத்திருக்கிறேன்.