படகு போகுமா, போகாதா?

வணக்கம் நேயர்களே. திருகோணமலை நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலுமாக 26 வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். ஆங்கிலத்தை வாசித்து விளங்கிக்கொள்வது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். முதலில் இரண்டு வரி சொல்கிறேன், கேளுங்கள்.

"ஒரு கொறுமன் பிளவத்தில் தொவித்தது. அதைக் கண்ட நெடுவி சலுங்கினாள்."

சரி, இப்போது வினா. கொறுமன் எங்கே தொவித்தது? பிளவத்தில். சலுங்கியது யார்? நெடுவி. ஏன் சலுங்கினாள்? கொறுமன் தொவித்ததைக் கண்டதால்.

மூன்று விடையும் சரி. ஆனால் கொறுமன் என்றால் என்ன? அப்படி ஒரு சொல்லே தமிழில் இல்லை, இந்தப் பேச்சுக்காக நான் கட்டியது. ஒன்றுமே விளங்காமல் முழுப் புள்ளியும் எடுத்துவிட்டோம். எங்கள் பிள்ளைகள் பலர் ஆங்கிலக் கிரகித்தல் பந்திக்கு இப்படித்தான் விடை எழுதுகிறார்கள். வினாவில் இருக்கும் சொல்லைப் பந்தியில் தேடுவார்கள், அது கிடைத்த வரியைப் பார்த்து எழுதுவார்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது நாங்களும் அதையே உத்தியாகச் சொல்லிக்கொடுக்கிறோம். நானும் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை பிறகு ஒரு வேலை விண்ணப்பத்தையோ மருந்துப் பெட்டியில் இருக்கும் குறிப்பையோ கையில் எடுக்கும்போது அந்த உத்தி உதவாது. அங்கே வினா இருக்காது, பந்தி மட்டும்தான் இருக்கும்.

ஒருமுறை தரம் 9 வகுப்பில் கரும்பலகையில் ஒரு வசனம் எழுதினேன். "அன்லெஸ் த சீ இஸ் காம், த போட் வில் நொட் கோ." நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு ஓடுவது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். மாரி காலத்தில் கடல் கொந்தளித்தால் ஓடாது என்பதும் தெரியும். மீன்பிடிக்கிற குடும்பத்துப் பையன் ஒருவன், நன்றாகப் படிக்கிறவன், எழும்பிச் சொன்னான்: "கடல் அமைதியாக இருந்தால் படகு போகாது."

சீ தெரியும், காம் தெரியும், போட் தெரியும். தெரிந்ததையெல்லாம் வரிசையாக அடுக்கிவிட்டான். தெரியாத அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விட்டான்.

"தம்பி, அப்பா அப்படியா தொழிலுக்குப் போறவர்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "இல்ல ரீச்சர். கடல் அமைதியா இல்லாட்டித்தான் போக மாட்டார்."

"அப்ப இந்த வசனம் என்ன சொல்லுது?"

திரும்ப வாசித்தான். இந்த முறை அன்லெஸ் என்ற சொல்லிடம் வந்து நின்றான். "இல்லாட்டி எண்டது இதுதானா ரீச்சர்?" என்றான். இருபது தடவை எழுதிப் பாடமாக்கியிருந்தாலும் அந்தச் சொல் அப்படிப் பதிந்திருக்காது. வாசித்தது தனக்குத் தெரிந்த உலகத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்ததால் பதிந்தது. நல்ல வாசகர்கள் இதை ஒவ்வொரு வரியிலும் செய்கிறார்கள். பொருந்தவில்லை என்றால் திரும்பிப் போகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் திரும்பிப் போவது தோல்வி மாதிரி இருக்கிறது. வகுப்பில் உரத்து, நிற்காமல் வாசிப்பவரைத்தானே நாங்கள் கெட்டிக்காரர் என்கிறோம்!

அப்புறம், தமிழ்ப் பிள்ளைக்கென்றே இருக்கிற ஒரு சிக்கல். "நேற்று மூதூரிலிருந்து வந்த மீனவர் என் மாமா" என்கிறோம். யாரைப் பற்றிய பேச்சு என்பதற்கு முன்பே அவரைப் பற்றிய விவரம் வந்துவிடுகிறது. ஆங்கிலம் மாறி நடக்கும். "த பிஷர்மன் ஹூ கேம் ஃப்ரம் மூதூர் யெஸ்டடே இஸ் மை அங்கிள்." மீனவர் முதலில், ஹூ என்று ஒரு கதவு, அதற்குப் பின்னால் விவரம். இஸ் என்ற சொல் வரும்போது அது யாருக்கு உரியது என்பது பிள்ளைக்கு மறந்துபோகிறது. அதனால் ஹூ, விச் வரும் இடத்தில் பென்சிலால் ஒரு அடைப்புப் போடச் சொல்வேன், விவரம் முடியும் இடத்தில் இன்னொன்று. அடைப்பை விட்டுவிட்டு வாசித்தால் மீனவர் என் மாமா என்பது மிஞ்சும். இட், தே போன்ற சொற்களுக்கு, அவை யாரைக் குறிக்கின்றனவோ அங்கே ஒரு அம்புக்குறி. கொப்பி அழுக்காகும், ஆகட்டும்.

அகராதியையும் சொல்ல வேண்டும். ஹாபர் என்றால் துறைமுகம் என்பது திருகோணமலைப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. "ஹி ஹாபர்ட் எ க்ரட்ஜ்" என்று வந்தால்? மனதில் பகை வைத்திருந்தான் என்று பொருள். துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் கதை எங்கேயோ போய்விடும். பக்கத்திலிருக்கும் சொற்களைப் பார்த்து ஊகித்துவிட்டு, பிறகு அகராதியைத் திறக்க வேண்டும்.

ஊகிப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், பத்துச் சொல்லில் இரண்டு தெரியாதபோது கதையைப் போதுமான அளவு விளங்கிக்கொண்டவர் எவருமே இல்லை. யாருடைய உதவியும் இல்லாமல் விளங்கிக்கொள்ள நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 250 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தில் தெரியாதவை 5 மட்டும். ஒரு கையின் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு இன்னும் காலம் வராதது. தரம் 9 பிள்ளை தரம் 5 பிள்ளையின் கதைப் புத்தகம் வாசித்தால் அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அங்கேதான் வாசிப்பு ஓடும்.

சொல் தெரிந்தாலும் விஷயம் தெரியாவிட்டால் விளங்காது. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்பவர்கள் 64 மாணவர்களுக்கு பேஸ்போல் விளையாட்டைப் பற்றிய ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் அந்த விளையாட்டை அறிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கக்கூடிய ஆனால் விளையாட்டை அறியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். இதை நான் மூதூரில் கண்ணால் கண்டேன். லண்டனின் நிலக்கீழ் ரயிலைப் பற்றிய பந்தியில் வகுப்பே ஊமையாக இருந்தது. அடுத்த வாரம் ரொபர்ட் நொக்ஸைப் பற்றி நானே இலகுவான ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். கொட்டியாரக் குடாவுக்குக் கப்பலில் வந்து 1660இல் தந்தையோடு பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடம் சிறையிருந்தவர். அவர் பிடிபட்ட இடத்தைக் காட்டும் கல் மூதூரில் இருக்கிறது. "ரீச்சர், அது எங்கட ஊர்!" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல். கப்டிவ், அதாவது சிறைபிடிக்கப்பட்டவர், என்ற சொல்லை நான் விளக்கவே இல்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள். ஆசிரியர்களே, எங்கள் கோணேசர் கோவிலையும் கன்னியா வெந்நீரூற்றுகளையும் தம்பலகாமத்து வயலையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். பாடநூல் வராத இடத்துக்கு நீங்கள் போகலாம்.

பீஜித் தீவில் எல்லி, மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் கிராமப் பாடசாலைகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1983இல் வெளிவந்தது. அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் மற்றவர்களைவிட வேகமாக முன்னேறியிருந்தார்கள். எங்கள் பாடசாலைகளிலும் புத்தகம் உண்டு, பல இடங்களில் அலுமாரிக்குள் பூட்டியபடி. கிழிந்தாலும் பரவாயில்லை, திறந்துவிடுங்கள்.

தாய்மார் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது ரீச்சர், நான் என்னத்தச் சொல்லிக்குடுக்க?" கிண்ணியாவில் ஒரு உம்மாவும் இதைக் கேட்டார். மகள் ஒரு பக்கம் வாசித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள், என்ன நடந்தது என்று தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள், தடுமாறினால் திறந்து அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கட்டும், என்றேன். இரவில் 15 நிமிடம்.

இரண்டு மாதம் கழித்து அவர் பாடசாலை வாசலில் நின்றார். மகளுக்குக் காய்ச்சல், வரவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்ததைக் கேட்டார். "அந்தக் குரங்கு கிணத்துல விழுந்ததோட இந்தப் புத்தகம் முடிஞ்சிட்டு ரீச்சர். மிச்சம் எதுல இருக்கு?"

நன்றி நேயர்களே, வணக்கம்.