கெய்ரோவில் ஒரு ஜெர்மன் பிரபு: மாக்ஸ் ஃபொன் ஓப்பன்ஹைம் பற்றிப் பேசலாம்

வணக்கம் நண்பர்களே. முதல் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனைப் பற்றிய என் காணொளியின் கீழ், "செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தாரே, அதை ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எம்டன் 1914 ஜூலை 31 அன்று சீனாவின் சிங்தாவோ துறைமுகத்திலிருந்து கிளம்பி, செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. இந்திய விடுதலைப் போராளியான பிள்ளையோ அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றைத் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தார். பிறகு பெர்லின் சென்றார். இரண்டு இடங்களிலும் ஒரே மனிதர் இருந்திருக்க முடியாது. திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அந்த இளைஞர் பெர்லினில் செய்த வேலையே போதுமான அளவுக்குப் பெரியது. அதற்குக் கப்பல் கதை தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

பெர்லினில் அவரும், சரோஜினி நாயுடுவின் சகோதரர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயரும் கூடிய, இந்திய விடுதலைக்காக உழைத்த குழுவுக்குத் தொடக்கத்தில் ஜெர்மன் அரசின் தரப்பிலிருந்து பொறுப்பேற்றிருந்தவர் ஒரு பிரபு. அவர்தான் இன்றைய காணொளியின் நாயகர். நான் எத்தனையோ மாதங்களாகத் தேடிக்கொண்டிருந்த புத்தகமும் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது. இதோ, இரண்டு கையாலும் தூக்கிக் காட்டுகிறேன். ஓப்பன்ஹைமைப் பற்றி 2014இல் போன் நகரில் நடந்த கண்காட்சியின் பட்டியல் நூல் இது.

இதன் விலையை நான் சொல்லியே ஆக வேண்டும். பழைய புத்தக வியாபாரி கேட்டது நம் பணத்தில் 2,100 ரூபாய். அனுப்பும் செலவாகக் கேட்டது 3,650 ரூபாய். புத்தகத்தைவிடப் போக்குவரத்து விலை அதிகம் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. எனவே, ஜெர்மனியில் படிக்கும் நம் நேயர் ஒருவரின் முகவரிக்கு அனுப்பச் சொல்லி, அவர் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது பெட்டியில் எடுத்துவரச் செய்தேன். உள்ளூர் அஞ்சலுக்கு ஆனது 400 ரூபாய்க்கும் குறைவு. 3,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்! அந்த நேயருக்கு என் மனமார்ந்த நன்றி. பெட்டியில் மூன்று கிலோ இடத்தை இன்னொருவருடைய புத்தகத்துக்காக விட்டுக்கொடுப்பது சாதாரண உதவி அல்ல என்பது வெளிநாட்டிலிருந்து ஊர் வந்த எல்லோருக்கும் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மாக்ஸ் ஃபொன் ஓப்பன்ஹைம் 1860 ஜூலை 15 அன்று கொலோன் நகரின் பெரும் வங்கிக் குடும்பத்தில் பிறந்தார். யூத குலத்தில் பிறந்த தந்தை ஆல்பர்ட், கத்தோலிக்கப் பெண்ணை மணப்பதற்காக மதம் மாறியவர். பிரபுப் பட்டம் குடும்பத்துக்கு வந்ததே மாக்ஸ் சிறுவனாக இருந்தபோதுதான். பணம் இருந்தது, பட்டம் இருந்தது, சட்டத்தில் முனைவர் பட்டமும் இருந்தது. ஆனாலும் வெளியுறவுத் துறை அவரைத் தூதராகச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. யூத வம்சத்தவரை அந்தப் பணிக்கு எடுக்கக் கூடாது என்று அன்றைய வெளியுறவுச் செயலர் ஹெர்பர்ட் பிஸ்மார்க் எதிர்த்தார். அவர் யார் என்றால், ஜெர்மனியின் சான்சலர் (பிரதமர்) ஆக இருந்த பெரிய பிஸ்மார்க்கின் மகன்.

கடைசியில் 1896இல் கெய்ரோவில் இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்தில் அவரை ஒட்டவைத்தார்கள். முறையான தூதர் பதவியின் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அங்குள்ள நிலவரத்தைக் கவனித்து எழுதுவதுதான் வேலை. 1909 வரை எழுதினார், எழுதினார், நூற்றுக்கணக்கான அறிக்கைகளை எழுதிக்கொண்டே இருந்தார். அரபு மொழி பேசி, ஐரோப்பியர் பகுதியை விட்டு உள்ளூர் மக்களின் பகுதியில் வீடு எடுத்து, மார்க்க அறிஞர்களையும் பத்திரிகையாளர்களையும் அரசியல்வாதிகளையும் விருந்துக்கு அழைத்து, அவர்கள் பேசியதையெல்லாம் பெர்லினுக்கு அனுப்பினார். எகிப்தை ஆண்ட ஆங்கிலேயர்கள் அவரைக் "கைசரின் ஒற்றர்", அதாவது ஜெர்மன் பேரரசரின் ஒற்றர், என்று அழைத்தார்கள். இந்த அடைமொழியை இன்றும் சுருக்கக் காணொளிகளில் பரபரப்பான இசையோடு பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பூட்டை உடைத்துக் காகிதம் திருடியவர் அல்ல அவர். வாசல் கதவைத் திறந்துவைத்து விருந்து கொடுத்தவர். அவருடைய ஆபத்து வேறு இடத்தில் இருந்தது: விருந்துக்கு வந்த படித்தவர்கள் பேசியதை, மொராக்கோவிலிருந்து வங்காளம் வரை உள்ள எல்லா முஸ்லிம்களின் மனமும் அதுதான் என்று அவர் நம்பினார்.

1914இல் போர் மூண்டதும் அந்த நம்பிக்கை அரசாங்கத்தின் திட்டமாக மாறியது. எதிரிகளின் கையில் உள்ள இஸ்லாமிய நாடுகளில் புரட்சியைத் தூண்டுவது எப்படி என்று அக்டோபரில் 136 பக்கங்களில் ஒரு குறிப்பாணை எழுதிக் கொடுத்தார். அதில் எகிப்தும் இந்தியாவும்தான் மையம். அவை இரண்டும் கொதித்தால் இங்கிலாந்து மண்டியிடும் என்பது அவருடைய கணக்கு. பெர்லினில் கிழக்கு நாடுகளுக்கான செய்தி நிலையம் ஒன்று அவருடைய தலைமையில் உருவானது. பேராசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் நாடுகடந்து வந்த இந்தியர், அரபியர், பாரசீகர் முதலியோரும் அமர்ந்து துண்டறிக்கைகளைப் பல மொழிகளில் தயாரித்தார்கள். நவம்பர் 14 அன்று, ஜெர்மனியின் கூட்டாளியான ஒட்டோமான் (துருக்கி) பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) புனிதப் போர் அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளிலிருந்து பிடிபட்ட முஸ்லிம் கைதிகளுக்காகப் பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃபில் தனி முகாம் அமைத்து, 1915இல் அங்கே மரத்தால் ஒரு மசூதியும் கட்டினார்கள்.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன், கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1898இல் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் டமாஸ்கஸ் சென்று, 30 கோடி முஸ்லிம்களுக்கும் தாம் நண்பர் என்று முழங்கினார். அதே ஆண்டு ஓப்பன்ஹைமும் இஸ்லாமிய உலகின் ஒற்றுமையைப் பற்றி நீண்ட அறிக்கை ஒன்றை அனுப்பியிருந்தார். எனவே 1914இன் திட்டம் திடீரென்று முளைத்தது அல்ல.

திட்டம் தோற்றது. எதிர்பார்த்த பேரெழுச்சி எங்கும் வரவில்லை. 1915இல் அவரே கான்ஸ்டான்டினோபிள் சென்று, ஒட்டோமான் நகரங்களில் செய்தி அறைகளைத் திறக்க ஏற்பாடு செய்தார். போர்ப் படங்களையும் வரைபடங்களையும் பார்க்க மக்கள் அங்கே வந்து போகலாம். அந்நகரிலேயே, ஒட்டோமான் பேரரசின் கீழ் மக்காவை நிர்வகித்த ஷெரீஃபின் மகன் ஃபைசலைச் சந்தித்து, ஜெர்மனியின் பக்கம் இழுக்கவும் பார்த்தார். அடுத்த ஆண்டு ஜூனில் ஷெரீஃபின் குடும்பம் ஆங்கிலேயர்களோடு சேர்ந்து துருக்கிக்கு எதிராகவே எழுந்தது. அரபியர் தங்கள் தேவையைத் தாங்களே எடைபோட்டார்கள். பெர்லினில் அச்சான காகிதத்தைப் படித்துவிட்டு அவர்கள் முடிவெடுக்கவில்லை. ஒரு மக்களின் மத உணர்வை, வேறொரு பேரரசின் போருக்கு நெம்புகோலாக வைக்கலாம் என்று நினைத்த அந்தக் குறிப்பாணையை நான் எவ்வளவு படித்தாலும் வெறுப்புதான் மிஞ்சுகிறது.

ஆனால் இதே மனிதருக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது, அதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1899இல் பாக்தாத் ரயில் பாதைக்கான வழியை ஆராய்ந்து வந்தபோது, மிருக உடலும் மனிதத் தலையும் கொண்ட கற்சிலைகள் மண்ணுக்குள் கிடப்பதாக உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள். இன்றைய சிரியாவின் வடக்கு எல்லையில், காபூர் ஆறு தோன்றும் ராஸ் அல்-ஐன் அருகே உள்ள டெல் ஹலாஃப் மேடுதான் அது. 1911 முதல் 1913 வரையிலும், பிறகு 1929இலும் தன் சொந்தப் பணத்தில் அகழாய்வு செய்து, ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய அரமேயர் என்னும் பழங்கால மக்களின் மன்னன் கபாராவின் அரண்மனையை வெளியே கொண்டுவந்தார்.

இந்தப் படத்தைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். கறுத்த எரிமலைக்கல்லில் அமர்ந்திருக்கும் பெண். மடி செவ்வகப் பெட்டிபோல் நேராக இருக்கிறது; முகத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பின்னல் தொங்குகிறது; வலது கையில் ஒரு கிண்ணம். ஓப்பன்ஹைம் இவளைத் தெய்வம் என்று கொண்டாடினார். கல்லறையின் மேல் வைக்கப்பட்ட சிலை இது. இறந்தவருக்குப் படையல் வைக்க அந்த மடி பயன்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அரசு அருங்காட்சியகத்தோடு உடன்பாடு ஏற்படாததால், பெர்லினின் ஷார்லோட்டன்பர்க்கில் பழைய இரும்பு வார்ப்பாலை ஒன்றில் 1930இல் தாமே அருங்காட்சியகம் திறந்தார். 1943 நவம்பரில் குண்டு விழுந்து அது எரிந்தது. சுண்ணாம்புக்கல் சிலைகள் அழிந்துபோயின. தீயில் காய்ந்திருந்த எரிமலைக்கல்லின் மேல் தீயணைப்புத் தண்ணீர் பட்டதும், கொதிக்கும் டீயை ஊற்றிய குளிர்ந்த கண்ணாடி டம்ளர்போல் அத்தனையும் வெடித்தன. 83 வயதில் தன் வாழ்நாள் சேமிப்பு ஒரு குவியலாகக் கிடப்பதைக் கேட்டவர், அந்தத் துண்டுகளையாவது பொறுக்கி எடுக்கும்படி வற்புறுத்தினார். வால்டர் ஆன்ட்ரே என்னும் அருங்காட்சியக இயக்குநர் அவற்றைப் பெர்லினின் பெர்கமோன் அருங்காட்சியக நிலவறைக்குக் கொண்டுசேர்த்தார். 2001இல் தொடங்கி, சுமார் 27,000 துண்டுகளைத் தரையில் பரப்பி, ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்து, 2011இல் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள். படத்தில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் மார்பின் குறுக்கே ஓடும் ஒட்டுக்கோடுகள் தெரிகின்றனவா? இந்த வேலையைச் செய்தவர்களை நான் தலைவணங்குகிறேன்.

அவரை மன்னிக்க எனக்குக் கடினமான இடம் ஒன்று உண்டு. நாஜிச் சட்டப்படி அவரே பாதி யூதர். அப்படியிருந்தும் 1940 ஜூலையில், 80 வயது நிறைந்த கையோடு, ஆங்கிலேயருக்கு எதிராக அரபு நாடுகளைத் தூண்டும் திட்டத்தை மறுபடியும் எழுதி வெளியுறவுத் துறைக்கு அனுப்பினார். ஒரு முறை தோற்ற யோசனையை, தன் தந்தையின் இனத்தை அழிக்கத் துணிந்த ஆட்சிக்கே அவர் கொடுத்திருக்கிறார். செல்வம் முழுவதையும் அகழாய்விலும் போரிலும் இழந்து, 1946 நவம்பர் 15 அன்று பவேரியாவின் லாண்ட்ஸ்ஹூட்டில் இறந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடன் நெருக்கடியில் விற்பதற்காக அவர் 1930களில் அமெரிக்காவுக்கு அனுப்பிய சில புடைப்புச் சிற்பங்களை, எதிரி நாட்டுச் சொத்து என்று அமெரிக்க அரசு 1943இல் பறிமுதல் செய்தது. அவற்றில் சில இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அந்த ஊர்களில் இருக்கும் நேயர்கள் நேரில் சென்று, சிற்பத்தையும் அருகில் உள்ள விவரப் பலகையையும் படம் எடுத்து அனுப்புங்கள். கல் எப்படி அங்கே வந்தது என்பதைப் பலகையில் எழுதியிருக்கிறார்களா என்று எனக்குப் பார்க்க வேண்டும்.