பொருள் மாறுவது வளர்ச்சியே!

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'ஆங்கிலச் சொற்களின் பொருள் மாறுவது வளர்ச்சியா, சிதைவா?' வளர்ச்சியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 'லிட்டரலி' என்ற சொல்லுக்காக வருந்தினார். சொன்னது சொன்னபடி என்ற பொருளை, வெறும் அழுத்தத்துக்காக அந்தச் சொல்லைப் போட்டு இன்றைய பிள்ளைகள் கெடுத்துவிட்டார்களாம். ஐயா, பிள்ளைகளை விட்டுவிடுங்கள்! 1838-39இல் வெளிவந்த 'நிக்கலஸ் நிக்கல்பி' நாவலில், பிடிபட்ட சிறுவனைப் பார்த்து ஒரு கொடுமைக்காரத் தலைமையாசிரியர் 'லிட்டரலி' கண்ணுக்கு விருந்து வைத்துக்கொண்டார் என்று சார்லஸ் டிக்கன்ஸே எழுதியிருக்கிறார். கண் எங்கே ஐயா விருந்து சாப்பிடும்? அதற்காக டிக்கன்ஸுக்கு ஆங்கிலம் தெரியாது என்று இந்த மேடையில் யாராவது சொல்வோமா?

அடுத்து 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளுக்கு வாருங்கள். லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்தில் 'மீட் ஆஃபரிங்' என்று ஒரு காணிக்கை. என்னென்ன படைக்கிறார்கள்? மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம். மருந்துக்குக்கூட இறைச்சி கிடையாது! அன்று 'மீட்' என்றால் பொதுவாக உணவு. தமிழ் பைபிள் அதைப் 'போஜனபலி' என்று சரியாகச் சொல்கிறது. 'பார்த்தீர்களா, குழப்பம்!' என்பார் எதிரணி நண்பர். குழப்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1885இல் வந்த திருத்திய பதிப்பு 'மீல் ஆஃபரிங்' என்று மாற்றியது, குழப்பம் தீர்ந்தது. பொதுவான உணவுக்கு 'ஃபுட்', இறைச்சிக்கு 'மீட்' என்று இரண்டும் தனித்தனியே நிலைத்தன. இதில் மொழிக்கு என்ன நஷ்டம்?

என் நெஞ்சுக்கு நெருக்கமான சொல் 'கம்ப்யூட்டர்'. சில நூற்றாண்டுகள் அது மனிதரைக் குறித்தது. கணக்குப் போடுபவர் என்று பொருள். அமெரிக்காவின் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் 1935 முதல் பெண்கள் அந்தப் பதவிப் பெயரிலேயே வேலை பார்த்தார்கள். கருப்பினப் பெண்களுக்கு அங்கே தனி அறை, சாப்பிடவும் தனி மேசை. அந்த அறையிலிருந்து வந்தவர் கேத்தரின் ஜான்சன். 1962இல் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன், ஐ.பி.எம். இயந்திரம் தந்த எண்களை அந்தப் பெண் சரிபார்க்கட்டும் என்று கேட்டார். மேசைக் கால்குலேட்டரில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்து, சரி என்றார் கேத்தரின். பிறகுதான் கிளென் பறந்தார். நடுவர் அவர்களே, மனிதக் கம்ப்யூட்டர் இயந்திரக் கம்ப்யூட்டருக்குச் சான்று கொடுத்த காலம் அது! பதவி ஒழிந்தது, பெயர் இயந்திரத்துக்குப் போனது. அந்தப் பெண்கள் செய்த வேலையின் தடயம் இன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இதைச் சிதைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆங்கிலத்தை மாறாமல் கட்டிப்போட ஓர் அமைப்பு வேண்டும் என்று 1712இல் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் கேட்டார், நடக்கவில்லை. சாமுவேல் ஜான்சனும் அந்த ஆசையோடுதான் அகராதி வேலையைத் தொடங்கினார். 1755இல் நூல் வெளிவந்தபோது, மொழியை நிலைநிறுத்தலாம் என்று தாம் நினைத்தது நடவாத காரியம் என முன்னுரையிலேயே எழுதிவிட்டார்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே கேள்வி. மாற்றத்தை எந்த ஆண்டோடு நிறுத்தியிருக்க வேண்டும்? 1611இலா, 1755இலா, தாங்கள் பள்ளியில் ஆங்கிலம் படித்த ஆண்டிலா? ஆண்டைச் சொல்லிவிட்டு வாதத்தைத் தொடங்கட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.