ரிட்டையர் ஆன போலீஸ்காரர எப்படி கூப்பிடறது? துவானா, டத்தோவா, சார்ஜனா?

[திரையில்: ஒரு கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளையோட பெரியப்பா பேர் இருக்கற வரி மட்டும் பெருசா தெரியுது]

வணக்கம் மக்களே, பினாங்குலேர்ந்து பேசறேன். கல்யாண சீசன் ஆரம்பிச்சா போதும், இன்பாக்ஸ்ல இந்தக் கேள்விதான் வந்து நிக்கும். எங்க மாமா போலீஸ்ல டி.எஸ்.பி.யா இருந்து ரிட்டையர் ஆனவரு, கார்டுல பேருக்கு முன்னாடி என்ன போடறது, மேடையில என்னன்னு கூப்பிடறது, டி.எஸ்.பி.ன்னே சொல்லலாமா இல்ல முன்னாள்னு சேக்கணுமா, சேத்தா கோச்சிக்குவாரா. நியாயமான கேள்விதான், ஏன்னா முப்பது வருஷத்துக்கு மேல ஒரே வேலையில இருந்த மனுஷனுக்கு அந்த ரேங்க் சும்மா ஒரு ஒட்டு இல்ல, அத தப்பா சொன்னாலும் வலிக்கும், சொல்லாம விட்டாலும் வலிக்கும். அதான் இன்னைக்கு நிதானமா பாத்துருவோம்.

மொதல்ல மூணு விஷயத்த தனித்தனியா பிரிச்சிக்கணும். ரேங்க் வேற, பதவி வேற, பட்டம் வேற. நம்மாளுங்க இந்த மூணையும் ஒண்ணா போட்டு கலக்கறதாலதான் எல்லா குழப்பமும் வருது.

ரேங்க்னா கான்ஸ்டபிள், லான்ஸ் கோப்பரல், கோப்பரல், சார்ஜன், சார்ஜன் மேஜர், சப் இன்ஸ்பெக்டர், இதுவரைக்கும் ஒரு பகுதி. இன்ஸ்பெக்டர்லேர்ந்து மேல போனா சீனியர் ஆபீசருங்க, ஏ.எஸ்.பி., டி.எஸ்.பி., சூப்பரிண்டெண்டன், ஏ.சி.பி., எஸ்.ஏ.சி., டி.சி.பி., சி.பி.ன்னு ஏறிக்கிட்டே போயி உச்சியில ஐ.ஜி.பி., அதான் மொத்த போலீஸ் படைக்கும் தலைவரு. ரிட்டையர் ஆனதுக்கப்புறமும் இந்த ரேங்க் அவங்க பேரோட சேந்தே வரும், ஆனா ஓய்வு பெற்றவருன்னு ஒரு அடையாளத்தோட வரும். மலாய் கார்டுல பாத்திருப்பீங்க, ரேங்க் பக்கத்துல அடைப்புக்குறி போட்டு உள்ள 'பி'ன்னு ஒரே ஒரு எழுத்து இருக்கும், பெர்சாராங்கறதோட சுருக்கம். தமிழ் கார்டுல அந்த எழுத்தெல்லாம் தேவையில்ல, 'ஓய்வுபெற்ற டி.எஸ்.பி.'ன்னு நேரடியா போட்டாலே அழகா இருக்கும்.

பதவி அப்படி இல்ல. ஓ.சி.பி.டி.ன்னா மாவட்டப் போலீஸ் தலைவர், ஓ.சி.எஸ்.ன்னா ஸ்டேஷன் தலைவர், சி.பி.ஓ.ன்னா மாநிலப் போலீஸ் தலைவர், இதெல்லாம் நாற்காலி. அந்த நாற்காலியில இப்ப வேற ஒருத்தர் உக்காந்திருக்காரு. அதனால ரிட்டையர் ஆனவர ஓ.சி.பி.டி.ன்னு மேடையில கூப்பிட்டா, அதே மண்டபத்துல இப்போதைய ஓ.சி.பி.டி.யும் விருந்தாளியா வந்திருந்தா ரெண்டு பேருக்குமே சங்கடம். வாழ்க்கைக் குறிப்பு சொல்றப்ப 'இந்த மாவட்டத்தோட முன்னாள் ஓ.சி.பி.டி.'ன்னு சொல்லுங்க, தப்பே இல்ல, கூப்பிடறப்ப மட்டும் ரேங்க்.

அடுத்து பட்டம். டத்தோ, டத்தோ ஸ்ரீ, டான் ஸ்ரீ, துன். இது மாமன்னரோ, சுல்தானோ, நம்ம பினாங்கு மாதிரி மாநிலத்துல கவர்னரோ குடுக்கறது, போலீஸ் டிபார்ட்மெண்ட் குடுக்கறது இல்ல. அதனால வேலை முடிஞ்சாலும் பட்டம் அப்படியே இருக்கும், அதுக்கு ஓய்வு கிடையாது, முன்னாள் டத்தோன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எழுதறப்ப ரேங்க் மொதல்ல, அப்புறம் ஓய்வு அடையாளம், அப்புறம் பட்டம், அப்புறம் பேரு.

[திரையில்: ஏ.சி.பி. (பி) டத்தோ இன்னார். கீழ இன்னொரு வரி: ஓய்வுபெற்ற ஏ.சி.பி. டத்தோ இன்னார்]

பேசறப்ப இவ்வளவும் வேணாம், பட்டம் இருந்தா பட்டம் மட்டும் போதும். "டத்தோ, வாங்க, உக்காருங்க." அவ்வளவுதான். உதாரணத்துக்கு 1974லேர்ந்து 1994 வரைக்கும் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஐ.ஜி.பி.யா இருந்த ஹனிப் ஒமார எடுத்துக்குங்க, ரிட்டையர் ஆனப்புறம் அவர எல்லாரும் துன் ஹனிப்னுதான் சொன்னாங்க, பேப்பர்ல எழுதறப்பதான் முன்னாள் ஐ.ஜி.பி.ன்னு சேத்துக்குவாங்க.

பட்டம் இல்லாத சீனியர் ஆபீசரா இருந்தா துவான். பொம்பள ஆபீசரா இருந்தா புவான். இன்ஸ்பெக்டர்லேர்ந்து மேல இருக்கறவங்கள போலீஸ்ல கூட வேலை செஞ்சவங்க அப்படித்தான் கூப்பிட்டிருப்பாங்க, ரிட்டையர் ஆயி பத்து வருஷம் கழிச்சு நாசி கண்டார் கடையில பாத்தாலும் பழைய ஆளுங்க எந்திரிச்சு நின்னு "துவான்"ன்னுதான் சொல்லுவாங்க. நம்ம தமிழ் வீட்டுல டி.எஸ்.பி. சார், இன்ஸ்பெக்டர் ஐயான்னு கூப்பிடறது பழக்கம், அதுவும் மரியாதைதான், யாரும் குறை சொல்ல மாட்டாங்க. சொந்தக்காரங்களா இருந்தா மாமா மாமாதான், சித்தப்பா சித்தப்பாதான், வீட்டுக்குள்ள போயி துவான் போட வேணாம், மைக் முன்னாடி மட்டும் ரேங்க்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், தமிழ் படம் பாத்து வளந்த பிள்ளைங்க நிறைய குழம்பறாங்க. தமிழ்நாட்டுல எஸ்.ஐ.ன்னா ஒரு ஸ்டேஷனையே பாத்துக்கற அதிகாரி, இங்க சப் இன்ஸ்பெக்டர்ங்கறது கீழ் ரேங்க் வரிசையில கடைசிப் படி, சார்ஜன் மேஜருக்கு மேல, இன்ஸ்பெக்டருக்குக் கீழ. அங்க எஸ்.பி.ன்னா ஒரு மாவட்டத்துக்கே பெரியவரு, இங்க எஸ்.பி.ன்னு சொன்னா ஸ்பெஷல் பிராஞ்ச், ரகசியப் பிரிவு. அதனால "எங்க தாத்தா எஸ்.பி.யில இருந்தாரு"ன்னு யாராவது சொன்னா உடனே சூப்பரிண்டெண்டன்னு கார்டுல அடிச்சிராதீங்க. ஸ்பெஷல் பிராஞ்ச்ல வேலை செஞ்சவங்கள்ல சில பேருக்கு அத மேடையில சொல்றதே பிடிக்காது, பல வருஷம் பேசாம இருந்து பழகினவங்க, அதனால அவங்ககிட்ட ரேங்க் மட்டும் கேளுங்க, எந்தப் பிரிவுன்னு அவங்களா சொன்னா மட்டும் சொல்லுங்க.

சரி, இப்ப நான் உண்மையிலேயே பேச வந்த விஷயத்துக்கு வரேன்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பெரிய ஆபீசருங்களுக்கு. அவங்களுக்கு எப்படியும் யாராவது சரியா சொல்லிருவாங்க, டேபிள்ல பேர் அட்டை இருக்கும், மாலை இருக்கும், எம்.சி. கையில பேப்பர் இருக்கும். சார்ஜன்? கோப்பரல்? பட்டர்வொர்த்துல ஒரு மண்டபத்துல நான் பாத்தேன், எம்.சி. போன பாத்துப் பாத்து டத்தோ, டி.எஸ்.பி., டாக்டர்னு ஒவ்வொருத்தரா அழகா படிச்சிட்டு, பொண்ணோட தாத்தா பேர் வந்தப்ப "நம்ம போலீஸ் அங்கிள்"ன்னு சொல்லிட்டு அடுத்த பேருக்குப் போயிட்டாரு. அந்தப் பெரியவரு சார்ஜன் மேஜரா ரிட்டையர் ஆனவரு. வெள்ள சட்ட, பையில ஒரு பேனா, சட்டை மேல மடிப்பு கலையாத துண்டு. எந்திரிச்சு ரெண்டு பக்கமும் கும்பிட்டு உக்காந்தாரு. அவரு ஒண்ணும் சொல்லல, பக்கத்துல இருந்த அவரு மக மொகம்தான் மாறிப்போச்சு.

கான்ஸ்டபிளா சேந்து சார்ஜன் மேஜரா வெளிய வர்றதுன்னா ஒரு ஆளோட மொத்த வாலிபமும் அதுலதான் போயிருக்கும், நைட் ஷிப்ட்டு, ஊர் விட்டு ஊர் மாத்தல், தீபாவளி அன்னைக்கு டியூட்டி. எழுபது வயசு தாண்டின நம்ம இந்திய போலீஸ்காரங்கள்ல பல பேரு போலீஸ் பீல்ட் போர்ஸ்ங்கற பி.எப்.எப்.ல, அதாவது இப்ப பி.ஜி.ஏ.ன்னு சொல்ற படையில, காட்டுக்குள்ள இருந்தவங்க. கம்யூனிஸ்ட் போராட்டம் 1989 டிசம்பர்ல ஹட்யாய் ஒப்பந்தத்தோட முடியற வரைக்கும் வாரக்கணக்குல காட்டுலயே படுத்து எந்திரிச்சவங்க. அந்த ஆளுக்கு கையில இருந்த மூணு பட்டை, சார்ஜன்ங்கற அந்த ஒரு ரேங்க், அதுதான் அவரு டத்தோ பட்டம்னு நான் சொல்லுவேன், யாரு என்ன நெனச்சாலும் சரி.

அதனால தயவுசெஞ்சு சொல்லுங்க. 'ஓய்வுபெற்ற சார்ஜன் மேஜர் திரு. இன்னார்'. மேடையில முழுசா, தெளிவா, டத்தோவ சொன்ன அதே குரல்ல. நேர்ல பேசறப்ப "சார்ஜன் ஐயா" இல்லன்னா "சார்ஜன்"ன்னே கூப்பிடலாம், பழைய நண்பருங்க இன்னும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. பி.ஜே.கே. மாதிரி பதக்கம் வாங்கியிருந்தா அந்த எழுத்துங்க பேருக்குப் பின்னாடி வரும், கார்டுல மறக்காம சேருங்க, கூப்பிடற மொறையில அது எதையும் மாத்தாது. கான்ஸ்டபிளா இருந்தே ரிட்டையர் ஆனவரா இருந்தா கொஞ்சம் யோசிக்கணும், கான்ஸ்டபிள்னு மைக்ல கூப்பிட சில பேரு விரும்ப மாட்டாங்க, அப்ப 'அரச மலேசியப் போலீஸ் படையில இத்தன வருஷம் சேவை செஞ்ச திரு. இன்னார்'னு சொல்லிப் பாருங்க, நிமிந்து உக்காருவாரு.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு பழக்கமும் இருக்கு, அதுவும் தப்புதான். மரியாதை குடுக்கறோம்னு நெனச்சு நாமளே புரமோஷன் குடுத்துடறது. இன்ஸ்பெக்டர ஏ.எஸ்.பி.ன்னு சொல்றது, ஏ.சி.பி.ய கமிஷனர்னு சொல்றது. அந்த ஹால்ல அவரோட வேலை செஞ்ச நாலு பேராவது இருப்பாங்க, அவங்க முன்னாடி அவருதான் கூனிக் குறுகிப் போவாரு. அவரே எந்திரிச்சு திருத்தவும் முடியாது. கடைசியா எந்த ரேங்க்ல வெளிய வந்தாரோ அதுதான் கணக்கு.

எப்படித் தெரிஞ்சிக்கறது? கேளுங்க, அவ்வளவுதான். "ஐயா, பத்திரிகையில உங்க பேரப் போடணும், எந்த ரேங்க்ல ரிட்டையர் ஆனீங்க, எப்படிப் போடட்டும்?" இப்படிக் கேட்டா யாரும் கோச்சிக்க மாட்டாங்க, சொல்லப்போனா ஒரு காபி வாங்கிக் குடுத்து கதை முழுசும் சொல்லுவாங்க. பெர்சத்துவான் பெக்காஸ் போலீஸ் மலேசியா, அதான் முன்னாள் போலீஸ்காரங்க சங்கம், அதுல இருக்கறவங்கள கேட்டாலும் விவரம் கெடைக்கும்.

சம்சாரம் விஷயத்த வேகமா சொல்லிடறேன். டத்தோவோட மனைவி டத்தின், டான் ஸ்ரீ மனைவி புவான் ஸ்ரீ, துன் மனைவி தோ புவான். பட்டம் பொம்பளைக்கு கெடச்சிருந்தா அவங்க புருஷனுக்கு ஒண்ணும் வராது, அவரு திரு. இன்னார்தான். ரேங்க் யாருக்கும் பகிர்ந்து வராது, டி.எஸ்.பி.யோட மனைவி டி.எஸ்.பி. அம்மா ஆக மாட்டாங்க, வீட்டுப் பக்கத்துல அன்பா கூப்பிடறது வேற. அப்புறம் போலீஸ் வாலண்டியர் ரிசர்வ்ங்கற தொண்டூழியப் போலீஸ், போலீஸ் பந்துவான்ங்கற துணைப் போலீஸ், இவங்களுக்கும் இன்ஸ்பெக்டர், சார்ஜன்னு ரேங்க் இருக்கு, மரியாதையா சொல்லுங்க, கூடவே எந்தப் படைன்னும் சொல்லிருங்க.

அந்த 'ஓய்வுபெற்ற'ங்கற வார்த்தைய விட்டுடாதீங்கன்னு நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரேங்குக்கு பயம் ஒட்டிக்கிட்டே வருது. மக்காவ் ஸ்கேம் பண்றவன் அதத்தான் பயன்படுத்தறான், "புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்துலேர்ந்து இன்ஸ்பெக்டர் இன்னார் பேசறேன், உங்க பேர்ல கேஸ் இருக்கு, இந்த அக்கவுண்ட்டுக்கு காச மாத்துங்க"ன்னு போன்ல சொன்னா நம்ம அம்மா அப்பாவுக்கு கை கால் நடுங்குது. உண்மையான போலீஸ் போன்ல காச மாத்தச் சொல்லவே மாட்டாங்க. போன வச்சிட்டு பக்கத்து பாலாய்க்கு, அதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு, நேரா போங்க, காசு போயிருந்தா ஒரு நிமிஷம்கூட தாமதிக்காம மோசடிப் புகார் நம்பர் 997க்கு அடிங்க. வேலையில இல்லாதவரு இன்னும் வேலையில இருக்கற அதிகாரி மாதிரி காட்டிக்கிட்டு காரியம் சாதிக்கறது குற்றம், பீனல் கோட் 170வது பிரிவுல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. நேர்மையா ரிட்டையர் ஆன ஆபீசருங்க இத நம்மளவிட நல்லாவே தெரிஞ்சவங்க, அதனாலதான் அந்த அடையாளத்த அவங்களே கேட்டு போட்டுக்குவாங்க.

கடைசியா இரங்கல் அறிவிப்பு. இதுலதான் அவசரத்துல தப்பு அதிகமா நடக்குது, ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ ஒரு பேரன் போன்ல போஸ்டர் செய்றான், தாத்தா என்ன ரேங்க்னு அவனுக்குத் தெரியாது, 'போலீஸ் ஆபீசர்'னு போட்டு வாட்ஸ்அப்புல அனுப்பிடறான். அனுப்பறதுக்கு முன்னாடி பாட்டிய கேளுங்க, இல்லன்னா வீட்டு அலமாரியில பென்ஷன் பேப்பரோ ஓய்வு கடிதமோ இருக்கும், அதுல ரேங்க் தெளிவா போட்டிருக்கும். வருஷா வருஷம் மார்ச் 25 போலீஸ் தினம், 1807ல இதே பினாங்குல போலீஸ் படைக்கு அடிப்படை போட்ட சார்ட்டர் ஆஃப் ஜஸ்டிஸ்ங்கற பிரிட்டிஷ் சாசனம் வந்த நாள் அது, அன்னைக்கு அவர உக்கார வச்சு பேச்சுக்குடுத்து கேட்டு எழுதி வச்சிக்குங்க. ரேங்க், சேந்த வருஷம், எந்தெந்த பாலாய், என்னென்ன பதக்கம், அப்புறம் அவரு பேர அவரு எப்படி எழுதுவாரு. உங்க வீட்டுல சார்ஜனோ கோப்பரலோ இருந்தா அவங்க ரேங்க கமெண்ட்ல எழுதுங்க, நான் ஒவ்வொண்ணா படிக்கறேன்.