குறையோடு குறை சேர்ந்தால்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் நெடுங்காலம் கணக்குக் கற்பித்தவன் என்ற முறையில், குறை எண்களை, அதாவது மைனஸ் எண்களைப் பற்றிச் சிறிது பேச வந்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம், குறை 3இலிருந்து 5ஐக் கழித்தால் என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ் என்று நாம் மனப்பாடம் செய்வித்ததை நம்பி, மிகை 8 என்று தயங்காமல் எழுதிவிடும் பிள்ளைகள் பலர். இந்தத் தவற்றில் பிள்ளையின் பங்கைவிட நம் பங்கே அதிகம் என்பது என் கருத்து. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதியை, எதற்கு உரியது என்று சொல்லாமலேயே ஒப்பிக்க வைத்துவிட்டோம்.

ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகும் விவசாயி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டியில் அவர் பெயரில் 300 ரூபாய் கடன் நிற்கிறது. வண்டி வாடகைக்கென்று மேலும் 500 ரூபாய் வாங்குகிறார். கடன் 800 ஆகிறதே ஒழிய, மண்டிக்காரர் அவருக்கு 800 ரூபாய் தரவேண்டும் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதமாட்டார். ஆகவே குறை 3இலிருந்து 5ஐக் கழித்தால் குறை 8தான். பிறகு மண்டிக்காரர் மனமிரங்கி அந்தக் கடனில் 200 ரூபாயைத் தள்ளுபடி செய்தால், அது விவசாயியின் கையில் 200 ரூபாய் கொடுத்ததற்குச் சமமாகிறது. குறை எண்ணைக் கழிப்பதும் அதே அளவுள்ள மிகை எண்ணைக் கூட்டுவதும் ஒன்றே என்னும் விதி இதுதான்.

கடனை வைத்து விளக்குவது நான் கண்டுபிடித்த வழியன்று. கி.பி. 628இல் பிரம்மஸ்புட சித்தாந்தம் என்னும் வானியல், கணித நூலை இயற்றிய பிரம்மகுப்தர், மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணை ருணம், அதாவது கடன் என்றும் அழைத்தார். இரண்டு கடன்களைக் கூட்டினால் கடன், இரண்டு கடன்களைப் பெருக்கினால் தனம் என்று கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் தனித்தனியே விதி வகுத்தவர் அவர்.

ஆனால் கடனைக் கடனால் பெருக்குவது என்றால் மண்டியில் எவருக்கும் பொருள் விளங்காது. அதற்குக் கிருஷ்ணகிரி அருகேயுள்ள கே.ஆர்.பி. அணைக்குப் போவோம். நீர்மட்டம் நாளொன்றுக்கு 2 அங்குலம் இறங்கிவருவதாகக் கொள்வோம்; இது குறை 2. வரும் நாட்களை மிகை என்றும் கழிந்த நாட்களைக் குறை என்றும் எண்ணினால், இன்னும் 3 நாட்களில் மட்டம் 6 அங்குலம் தாழ்ந்திருக்கும். 3 நாட்களுக்கு முன்போ இன்றைவிட 6 அங்குலம் உயர்ந்திருந்தது. குறை 2ஐக் குறை 3ஆல் பெருக்கினால் மிகை 6.

அணை வேண்டாம், எண்களே சாட்சி சொல்லட்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. 3ஐயும் குறை 3ஐயும் கூட்டினால் பூச்சியம். அதைக் குறை 2ஆல் பெருக்கினாலும் பூச்சியமே. தனித்தனியே பெருக்கும்போது முதற்பகுதி குறை 6 ஆகிவிடுவதால், மொத்தம் பூச்சியமாக வேண்டுமானால் மற்றப் பகுதி மிகை 6 ஆகாமல் வேறு வழியில்லை.

வகுத்தலுக்குப் புது விதி ஏதும் இல்லை. பெருக்கலைத் திருப்பிப் போட்டால் போதும். பூச்சியத்தால் மட்டும் வகுக்கக் கூடாது. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்று எழுதிய அந்த ஓரிடத்தில் பிரம்மகுப்தரே சறுக்கியிருக்கிறார். வணக்கம்.